கடைமடைக் கால்கள்: பாதம் ஏன் மரத்துப்போகிறது?

போன வருடம் சித்திரை மாதத்தில் ஒரு நாள் மதியம், திருமங்கலத்திலிருந்து வந்திருந்த மாமாவையும் அத்தையையும் மீனாட்சியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போனேன். ஆடி வீதியில் விரிப்பு போட்டிருந்த இடத்தை விட்டு இறங்கியதும் எல்லோரும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிழலைப் பார்த்து ஓடினோம். கல் அப்படிச் சுட்டது. மாமா மட்டும் அவசரப்படாமல், கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிதானமாக நடந்து வந்தார். "உங்க மாமாவுக்கு ஆத்தா மேல அவ்வளவு பக்தி" என்று அத்தை பெருமையாகச் சொன்னார். சாயங்காலம் வீட்டில் கால் கழுவும்போது பார்த்தால், இரண்டு உள்ளங்காலிலும் விரல்களுக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவுக்குக் கொப்புளம். அவருக்கு வலிக்கவே இல்லை. கொப்புளம் இருப்பதே அத்தை சொல்லித்தான் தெரிந்தது.

மாமாவுக்கு 11 வருடமாகச் சர்க்கரை. "கால் கொஞ்சம் மதமதன்னு இருக்கும், நரம்புத் தளர்ச்சி" என்று ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். மருந்துக்கடையில் கேட்டு நரம்பு மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டார். அந்த ஒரு சொல்லே எங்கள் எல்லோருக்கும் போதுமானதாக இருந்துவிட்டது. எதனால் அப்படி ஆகிறது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் கேட்க ஆரம்பித்தோம்.

முதலில் அந்தச் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பழந்தமிழில் யாழின் தந்திக்குப் பெயர் நரம்பு. உடம்புக்குள் இழை மாதிரி நீளமாக ஓடும் எதையும் நாம் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஊசி போட வந்த நர்ஸ் "நரம்பே கிடைக்கலை" என்றால் அவர் தேடுவது இரத்தக்குழாயை. கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்து நெளிவதை நரம்பு சுருட்டல் என்கிறோம்; அதுவும் இரத்தக்குழாய்தான். ராத்திரி தூக்கத்தில் "நரம்பு இழுக்குது" என்று எழுந்து உட்கார்ந்தால், இழுப்பது தசை. அதனால் டாக்டரிடம் போய் "நரம்புக் கோளாறு" என்று மட்டும் சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது. எரிகிறதா, மரத்திருக்கிறதா? ஒரு காலிலா, இரண்டிலுமா? எந்த இடத்தில் ஆரம்பித்தது, எத்தனை நாளில் எதுவரை ஏறியது? இவற்றைச் சொன்னால் பாதி காரணம் அங்கேயே பிடிபட்டுவிடும்.

நிஜமான நரம்பு, சேதி கொண்டுபோகும் இழை. கால் பெருவிரலில் முள் குத்தினால் அதைச் சொல்லும் நரம்பு செல், இடுப்புப் பக்கம் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அந்த ஒரே செல்லின் வால்தான் முடியைவிட மெல்லிய இழையாகப் பிட்டம், தொடை, முழங்கால் எல்லாம் கடந்து விரல் நுனிக்கு வந்து சேர்கிறது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அந்த இழை உயிரோடு இருக்கத் தேவையான புரதங்களில் பெரும்பகுதி இடுப்பில் உள்ள செல்லில் தயாராகி, இழைக்குள்ளேயே நகர்ந்து நுனிக்குப் போக வேண்டும். சில பொருட்கள் ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும்.

பெரியாறு பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை வந்தபின் மதுரைப் பக்கம் பாய ஆரம்பித்த தண்ணீர், இன்றைக்கும் கள்ளந்திரி வரைக்கும் இருபோகத்துக்கு, அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகத்துக்கு. தண்ணீர் தட்டுப்படும் வருடத்தில் முதலில் காய்வது கடைமடை வயல். தலைமடையில் நிற்பவருக்குக் குறையே தெரியாது. நரம்பும் அப்படித்தான். இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதோ, சத்து குறைவதோ, விஷம் சேர்வதோ உடம்பிலுள்ள எல்லா நரம்பையும்தான் தொடும். ஆனால் முதலில் வாடுவது நீளமான இழையின் நுனி. அதனால்தான் மரத்துப்போவது விரல் நுனியில், இரண்டு காலிலும் ஒரே மாதிரி ஆரம்பித்து, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. முழங்காலை நெருங்கும்போது கைவிரல் நுனியிலும் மதமதப்பு தட்டும். இந்தச் சாக்ஸ் வடிவத்தைப் பார்த்தாலே காரணத்தை இரத்தத்தில் தேட வேண்டும் என்று டாக்டருக்குப் புரிந்துவிடும்.

இரத்தத்தில் தேடினால் நம் ஊரில் முதலில் அகப்படுவது சர்க்கரை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு சொன்னது. சர்க்கரை உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் காலப்போக்கில் கால் நரம்பு ஏதோ ஓர் அளவில் பழுதாகிறது. சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடிக்கும் அன்றைக்கே சிலருக்குப் பாதம் மரத்திருக்கும். அதற்கு முன்பே சில வருடமாக இரத்தத்தில் அது ஏறிக் கிடந்திருக்கும், தெரியாமல்.

சர்க்கரை நரம்பை எப்படிக் கெடுக்கிறது? இரண்டு வழி. நரம்புக்கு உள்ளே போகும் மிதமிஞ்சிய குளுக்கோஸ், சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாறித் தேங்குகிறது. இழை தனக்கு வேண்டிய சக்தியைத் தயாரித்துக்கொள்ளும் வேலையே தடுமாறுகிறது. இன்னொரு பக்கம், நரம்புக்கு இரத்தம் கொண்டுவரும் மயிரிழைக் குழாய்களின் சுவர் தடித்து அடைகிறது. பீடி, சிகரெட், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு இவையும் சேர்ந்தால் அந்தக் குழாய்கள் இன்னும் சீக்கிரம் அடையும்.

அறிகுறிகள் வரும் வரிசை பலரை ஏமாற்றிவிடுகிறது. ஆரம்பத்தில் இழை எரிச்சலோடு சாகும். மிளகாய்த்தூள் தடவின மாதிரி திகுதிகுவென்று எரிவது, ஊசி குத்துவது, எறும்பு ஊர்வது, ராத்திரி போர்வை பட்டாலே தாங்காமல் போவது எல்லாம் அந்தக் கட்டம். இழை முழுக்கச் செத்த பிறகு சேதி அனுப்ப ஆள் இல்லை. எரிச்சல் தானாக அடங்கிவிடும். "இப்ப பரவாயில்லை, எரிச்சல் நின்னுடுச்சு" என்று மாமாவும் ஒரு தடவை சந்தோஷமாகச் சொன்னார். அவருக்கு ஆபத்து உண்மையில் ஆரம்பித்தது அன்றைக்குத்தான். காபாபென்டின், பிரிகாபலின், டுலாக்செடின் போன்ற மாத்திரைகள் எரிச்சலை அடக்கத்தான் உதவும், போன உணர்வை அவை கொண்டுவராது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

தொடு உணர்வோடு இன்னும் இரண்டு வேலைகள் நின்றுபோகின்றன. பாதத்தில் வியர்வை சுரக்க வைப்பதும் நரம்புதான். அது பழுதானால் தோல் காய்ந்து, பித்தவெடிப்பு ஆழமாக விழும். கிருமி நுழைய அதுவே வாசல். பாதத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளும் நரம்பில்லாமல் சூம்பும். விரல்கள் மேலே வளைந்து, உடம்பின் பாரம் எல்லாம் விரலடி எலும்பில் இறங்கும். அங்கே தோல் காய்த்து ஆணி மாதிரி தடிக்கும். ஆணிக்கு அடியில் சத்தமில்லாமல் புண் வைக்கும். சர்க்கரையால் விரலையோ காலையோ எடுக்க நேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் வந்தது இப்படி ஒரு சின்னப் புண்தான்.

வலி ஒரு காவல்காரன் என்பதை உலகத்துக்குப் புரியவைத்த வேலை நம் தமிழ்நாட்டில், வேலூரில் நடந்தது. 1946-இல் அங்கே வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, உணர்வில்லாத கையும் காலும் திரும்பத் திரும்ப அடிபட்டுத்தான் அழிகின்றன என்று காட்டினார். பிறகு அமெரிக்காவுக்குப் போன அவர், அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் அதே பாடம் பொருந்துவதைக் கண்டார். இன்றைக்குச் சர்க்கரைக்காரர்களுக்கு எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பு (நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் செருப்பு), தொழுநோயாளிகளின் காலைக் காப்பாற்றப் போய் வந்த செருப்பு.

தொழுநோய் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2005-இல் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்குக்கும் கீழே வந்துவிட்டதாக இந்தியா அறிவித்த பிறகும், ஆண்டுதோறும் புதிதாக ஆட்களைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் கிருமிக்குப் பிடித்த இடம் குளிர்ச்சியான, தோலுக்கு அருகே ஓடும் நரம்பு: முழங்கால் வெளிப்பக்கம், கணுக்கால் உள்பக்கம், முழங்கை. வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதில் தொட்டால் உணர்வில்லை, கூடவே பாதம் மரத்திருக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம், 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் நோய் குணமாகும். தாமதித்துச் சாப்பிட்டால் கிருமி சாகும், ஆனால் போன நரம்பு திரும்பாது.

சர்க்கரைக்கு அடுத்தபடி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பி12. இந்த வைட்டமின் காய்கறியிலோ பருப்பிலோ கிடையாது; கறி, மீன், முட்டை, பால், தயிரில்தான் இருக்கிறது. சுத்த சைவமாக இருப்பவர்கள், பல் போய் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொண்ட பெரியவர்கள், வருடக்கணக்கில் வாயுவுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் மாத்திரை போடுபவர்கள், இவர்களுக்கெல்லாம் பி12 குறையலாம். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் வருடக்கணக்கில் சாப்பிடும்போது பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அது நல்ல மாத்திரை, பயந்துபோய் நிறுத்தக் கூடாது. அவ்வப்போது பி12 அளவைப் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் சர்க்கரைக்காரர் கால் மரத்துப்போகுது என்றால் பழியை முழுக்கச் சர்க்கரை மேலேயே போட்டுவிடுகிறோம். மாமா விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

பி12 குறைந்தால் கால் நரம்போடு தண்டுவடமும் கெடும். தண்டுவடத்தின் பின்பக்கம்தான் "கால் எங்கே இருக்கிறது" என்ற சேதியை மூளைக்கு ஏற்றுவது. அது கெட்டவருக்கு வெளிச்சத்தில் நடக்கத் தெரியும், இருட்டில் தள்ளாடும். குளியலறையில் முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் ஆடிப்போய்ச் சுவரைப் பிடிப்பார்கள். வயசாயிடுச்சு என்று விட்டுவிடக் கூடாத அறிகுறி இது. காலத்தோடு கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ நன்றாகத் திருப்ப முடிகிற காரணங்களில் இது ஒன்று. அதற்காகப் பரிசோதனையில்லாமல் மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கி வருடக்கணக்கில் விழுங்குவது சரியில்லை. அந்தக் கலவைகளில் இருக்கும் பி6, அளவுக்கு மீறி நெடுநாள் சேர்ந்தால் அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போக வைக்கும்.

குடியும் இதே சாக்ஸ் வடிவத்தில்தான் வரும். சாராயம் நரம்புக்கு நேரடி விஷம். அதோடு, குடிப்பவர் சாப்பாட்டைக் குறைப்பார், சாப்பிட்டதிலும் பி1 சத்து உடம்பில் சரியாகச் சேராது. (பி1 என்றதும் நம் புழுங்கலரிசி ஞாபகம் வருகிறது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருந்து இந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். தீட்டிய பச்சரிசியைவிட அது மேல்.) தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு, எச்.ஐ.வி., சில புற்றுநோய் மருந்துகள், காசநோய்க்கான ஐசோனியசிட் மாத்திரை ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். காசநோய் மாத்திரையோடு பி6 சேர்த்துக் கொடுப்பது இதைத் தடுக்கத்தான்; அதை மட்டும் விட்டுவிட்டுச் சாப்பிடக் கூடாது.

இதுவரை சொன்னது எல்லாம் இரண்டு கால் கதை. ஒரு காலில் மட்டும், ஒரு கோடு போட்ட மாதிரி வந்தால் எங்கோ ஓரிடத்தில் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். பெரும்பாலும் அது இடுப்பில். முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால், பிட்டத்திலிருந்து சுரீரென்று கீழே இறங்கும். பெருவிரலும் பாதத்தின் மேல்பக்கமும் மரத்தால் ஐந்தாவது இடுப்பு நரம்பு. சுண்டுவிரல் பக்கமும் வெளி ஓரமும் என்றால் அதற்கு அடுத்தது. தும்மினால், இருமினால், முக்கினால் வலி கூடும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அறுவை இல்லாமலே குறைந்துவிடும். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும்: நடுவயதைத் தாண்டிய யாருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் வட்டு தேய்ந்திருக்கிறது, பிதுங்கியிருக்கிறது என்று ஏதாவது வரும், வலியே இல்லாதவர்களுக்கும் வரும். இரண்டு பாதமும் சாக்ஸ் மாதிரி மரத்திருக்கும் ஒருவர், ஸ்கேனில் வட்டைப் பார்த்துவிட்டு முதுகுக்கு வைத்தியம் செய்துகொண்டிருந்தால் காரணம் கைநழுவிப் போய்விடும்.

வயதானவர்களுக்கு முதுகெலும்புக் குழாயே குறுகிப்போவதும் உண்டு. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து விளக்குத்தூண் வரை ஒரே மூச்சில் நடக்க முடியாது. பாதி வழியில் கால் கனத்து, மரத்து, ஏதாவது கடைப்படியில் உட்கார்ந்தாக வேண்டும். ஆனால் அதே மனிதர் சைக்கிளில் ஏறினால் போய்விடுவார், ஏனென்றால் முன்னால் குனிந்தால் குழாய் கொஞ்சம் விரியும். காலுக்கு வரும் இரத்தக்குழாய் அடைத்திருப்பவருக்கும் நடந்தால் வலிக்கும். அவருக்குக் குனிய வேண்டாம், உட்கார வேண்டாம், சும்மா நின்றாலே வலி விட்டுவிடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

நரம்பு நசுங்குவதற்கு இடுப்பு வரை போக வேண்டியதில்லை. முழங்காலுக்கு வெளியே, சற்றுக் கீழே ஒரு குமிழ் எலும்பு தட்டுப்படும்; தடவிப் பாருங்கள். பாதத்தை மேலே தூக்கும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றித் தோலுக்கு அடியில் போகிறது, மேலே மெத்தை கிடையாது. மாட்டுத்தாவணி பூச்சந்தையிலிருந்து மல்லிகை வாங்கிவந்து நாள் முழுக்கச் சம்மணம் போட்டுப் பூக் கட்டுகிறவர்கள், கடலைக்காட்டில் மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து களை வெட்டுகிறவர்கள், இவர்களுக்கு அந்த இடம் அழுந்திக்கொண்டே இருக்கும். ஒரு நாள் எழுந்து நடந்தால் முன்பாதம் தூக்க வராது, செருப்பு தரையில் தட்டும், தடுக்கும். வாதம் வந்துவிட்டதோ என்று வீடே பதறும். காரணம் இந்த அழுத்தம்தான் என்று உறுதியானால், உட்காரும் முறையை மாற்றியதும் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் அதை உறுதி செய்ய வேண்டியது டாக்டர். இடுப்பு வட்டும் தொழுநோயும் இதே மாதிரி பாதத்தைத் தொங்கவிடும்.

தொடையின் வெளிப்பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு எரிந்து மரத்தால், இடுப்பில் இறுக்கிக் கட்டிய பெல்ட்டையோ பாவாடை நாடாவையோ முதலில் தளர்த்திப் பார்க்கலாம். தொந்தி, கர்ப்பம் இவற்றாலும் அந்த நரம்பு இடுப்பெலும்போரம் நசுங்கும். பெரிய ஆபத்தில்லை.

ஆபத்து வேறு இரண்டு இடத்தில். காலில் ஆரம்பித்த மதமதப்பும் பலவீனமும் மாதக்கணக்கில் இல்லாமல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் மேலே ஏறினால் அது கில்லன் பாரே நோயாக இருக்கலாம். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்துபோன ஒன்றிரண்டு வாரத்தில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோய் அது. மூச்சுத் தசை வரை ஏறிவிடும். இன்னொன்று, இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டுவது அல்லது தெரியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது. இரண்டுக்கும் காலை வரை காத்திருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றபடி காரணத்தைத் தேடும் வேலை எளிமையாகத்தான் ஆரம்பிக்கிறது. மாமாவின் பாதத்தில் டாக்டர் ஒரு நைலான் இழையை வைத்து, அது வளையும் வரை அழுத்தினார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. மாமா கண்ணை மூடியிருந்தார். "தொடும்போது சொல்லுங்க" என்றார் டாக்டர். கணுக்காலில் வைத்தபோது "ம்" என்றார் மாமா. பெருவிரலில், உள்ளங்காலில் ஐந்தாறு இடத்தில் மாற்றி மாற்றி வைத்தார். மாமா "இன்னும் ஆரம்பிக்கலையா சார்?" என்று கேட்டார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அதிரும் இசைக்கவையை எலும்பில் வைத்துப் பார்த்தார், சுத்தியலால் குதிகால் தசைநாரைத் தட்டினார், இரத்தத்தில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), பி12, தைராய்டு, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் எழுதினார். நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளக்கும் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. வெறும் எரிச்சல் மட்டும் இருப்பவர்களுக்கு அதில் எல்லாம் சரியாக இருப்பதாகவே வரலாம். சூட்டையும் வலியையும் சொல்லும் மெல்லிய இழைகளை அந்த மிஷினால் அளக்க முடியாது.

முடிவில் மாமாவுக்குச் சர்க்கரையும் கூடுதல், பி12-உம் குறைவு. ஊசி போட்டார்கள். இருட்டில் தள்ளாட்டம் குறைந்திருக்கிறது, மதமதப்பு கணுக்காலிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. சூடு தெரிவது மட்டும் வரவில்லை. வெந்நீரில் கால் வைப்பதை, செங்கல் ஒத்தடத்தை எல்லாம் அத்தை நிறுத்திவிட்டார். ஆணிக்குப் பிளேடு வைப்பதும், ஆசிட் தடவிய பிளாஸ்திரி ஒட்டுவதும் கிடையாது. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் நேர்த்தியை இந்த வருடம் மகன் ஏற்றுக்கொண்டான். கோயிலுக்கு மாமா இப்போது விடியற்காலையில் நடை திறக்கும்போதே போய்விடுகிறார், கல் குளிர்ந்திருக்கும்.

தினம் ராத்திரி பேத்தி மொபைல் டார்ச் அடித்துத் தாத்தாவின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கிறாள். போன வாரம் வலது காலில் என்னவோ பளபளத்திருக்கிறது. அவளுடைய கொலுசிலிருந்து உதிர்ந்த ஒரு முத்து, செருப்புக்குள் விழுந்து தோலில் பதிந்து கிடந்தது. காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டேதான் அவர் திருமங்கலம் சந்தைக்குப் போய்வந்திருக்கிறார்.